கையிலிருப்பது பிறர் பணம்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மூன்று வாரங்களுக்குள் இரண்டு செய்திகள் வெளிவந்தன. 8ஆம் தேதி, புனே நகரின் ரூபீ கூட்டுறவு வங்கியின் உரிமத்தை ரத்துச் செய்து ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 26ஆம் தேதி, திருப்பூரில் இயங்கிய பாசி நிதி நிறுவன வழக்கில், கோவைச் சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஒன்று தொலைவிலுள்ள ஊர். மற்றொன்று நம் வாசற்படி. பனியன் கம்பெனியிலும் பவர் டேபிளிலும் பெறும் வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மகளின் நிக்காஹுக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்து வைக்கும் நம் குடும்பங்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளன.

ரூபீ வங்கி 1912இல் தோன்றியது. 2013 பிப்ரவரியிலேயே அதன்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த ஆணை, வங்கியிடம் போதிய மூலதனமும் இல்லை, வருவாய் ஈட்டும் வாய்ப்பும் இல்லை என்று காரணம் கூறியது. எனவே, உரிமம் ரத்தாவது நோயன்று. இறந்தபின் தரப்படும் சான்றிதழே ஆகும்.

நோய் எங்கே தொடங்குகிறது? 2019 செப்டம்பரில் முடங்கிய பஞ்சாப்–மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி இதற்குத் தெளிவான சான்று. அவ்வங்கி கொடுத்த கடனில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பகுதி, வீடு கட்டி விற்கும் ஒரே குழுமத்திடம் சென்றிருந்தது. அதை மறைக்கப் பல்லாயிரம் போலிக் கணக்குகள் எழுதப்பட்டிருந்தன. பலருடைய பணம் சிலருடைய நட்புக்கு இரையாகியது. கூட்டுறவு வங்கிகளை மாநிலக் கூட்டுறவுத் துறையும் ரிசர்வ் வங்கியும் பங்கிட்டுக் கண்காணித்ததால், பொறுப்பு இரண்டுக்கும் நடுவே நழுவியது. இதன் பின்னரே, 2020இல் சட்டம் திருத்தப்பட்டு ரிசர்வ் வங்கியின் அதிகாரம் வலுப்பெற்றது.

வாசகர்களே! இவ்வளவு நடந்தும், ரூபீ வங்கியில் பணம் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் தம் வைப்புத்தொகை முழுவதையும் பெற உரியவர்கள் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. உரிமம் ரத்தாகுமுன்பே 700 கோடி ரூபாய்க்குமேல் வழங்கப்பட்டும் இருந்தது. காரணம், வைப்புத்தொகைக் காப்பீடு. கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960இல் வீழ்ந்தபின், 1962இல் 1,500 ரூபாய் வரம்புடன் தொடங்கிய இவ்வேற்பாடு, 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை ஈடு செய்கிறது. ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வரம்பு ஒன்றே. அதற்கான கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது. ஆனால், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இக்காப்பீடு இல்லை என்பதைக் கிராமத்தார் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பாசி நிறுவனத்தில் பணம் போட்டவர்களுக்கோ அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அந்நியச் செலாவணி வணிகம் என்று கூறிச் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. தீர்ப்பு வரப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. "நமக்கு வட்டி ஹராம், ஆகையால் வங்கி வேண்டாம்" என்று ஒதுங்குவோரைக் குறிவைத்தே சிலர் வருகின்றனர். பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் முஸ்லிம்களிடம் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019இல் சரிந்து, பல்லாயிரம் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. கூட்டு வாணிபம் எனில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டமே வராது, மாதந்தோறும் இவ்வளவு தருவேன் என்று ஒருவர் சொன்னால், அது பெயரளவில் மட்டுமே ஹலால்.

நபித்தோழர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பொருளைப் பாதுகாக்கக் கொண்டு வருவார்கள். அவரோ அதை அமானிதமாக ஏற்காமல், கடனாகவே பெற்றுக் கொள்வார். அமானிதம் கவனக்குறைவின்றித் தொலைந்தால் ஈடு இல்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரவேண்டியது. பிறர் பொருள் வீணாகிவிடக் கூடாதென்று பாரத்தைத் தம் தலையில் ஏற்றுக் கொண்டார். அவர் ஷஹீதானபோது இருந்த கடன் 22 லட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அதனை அடைத்தார். அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலங்களில், கடன் வரவேண்டியவர் எவரேனும் உண்டா என்று அறிவித்த பிறகே வாரிசுப் பங்கைப் பிரித்தார்.

இன்று சட்டமும் வங்கியில் நாம் போடும் பணத்தை, வங்கி நமக்குப் பட்ட கடனாகவே கருதுகிறது. குறைவது சட்டமன்று, ஸுபைர் (ரலி) அவர்களின் அச்சமே!

ஆகவே, கேளுங்கள். உரிமம் உண்டா, காப்பீடு உண்டா, கணக்கைத் தணிக்கை செய்பவர் யார் என்று கேளுங்கள். உறவினரே ஆயினும், ஜமாஅத்தில் செல்வாக்குடையவரே ஆயினும் எழுத்தும் சாட்சியும் இன்றிக் கொடாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் நெடிய வசனம் பணிக்கிறது. அவ்வாறிருக்க, கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அது மார்க்கக் கடமை. கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் உங்கள் உழைப்பின் ஒரு ரூபாயும் தங்க வேண்டாம்.

பிறர் பொருளுக்கு அஞ்சும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.