பூவுமில்லை, காயுமில்லை

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில், இளநீர் குடிக்க ஒரு புங்க மரத்தடியில் ஒதுங்கினேன். தலைக்கு மேல் தொங்கிய கிளையில் உருப்படியாக ஓர் இலை இல்லை. எல்லாவற்றிலும் மிளகு மிளகாகப் பச்சைப் பருக்கள். இளநீர்க்கார அம்மா அரிவாளிலிருந்து கண்ணெடுக்காமல், "மரத்துக்கு அம்மை போட்டிருக்கு சார். தானா போயிடும்" என்றார்.

ஒரு பருவை நகத்தால் கிள்ளினேன். பச்சைச் சதைக்கு நடுவே சின்னப் பொந்து. அங்கே குடியிருப்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாத, நாலே கால் உள்ள ஈரியோபைட் சிலந்தி. தொண்ணூறுகளின் கடைசியில் தேங்காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்துப்போனதே, அதைச் செய்ததன் பங்காளி. தளிரில் இது சாறு உறிஞ்சினால், அந்த இடத்துத் திசு தாறுமாறாகப் பெருகி, உறிஞ்சியதற்கே வீடு கட்டிக் கொடுத்துவிடும். சோறும் அதே வீட்டுச் சுவர்தான். புங்கன் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

எனக்குப் பாட்டி குழந்தைகளுக்கு மருந்து உரைக்கும் உரைகல் ஞாபகம் வந்தது. வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய். கடைக்கு அனுப்பும்போதே, "மாசிக்காய் ஓட்டை இல்லாததாப் பாத்து வாங்குடா" என்பாள். அது காயே இல்லை. மேற்காசியாவின் கருவாலி மரத்தில் ஒரு குட்டிக் குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் உருட்டி வைத்த கட்டி. ஓட்டை, குளவி வளர்ந்து வெளியேறிய வாசல். அது போவதற்குள் பறித்ததில்தான் துவர்ப்பு அதிகம். பாட்டிக்குக் குளவி தெரியாது, துவர்ப்பு தெரியும். இதே மாசிக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்துக் காய்ச்சிய மையில்தான் ஐரோப்பா பல நூறு வருஷம் எழுதியது.

கடுக்காய்ப்பூவும் பூ இல்லை. கடுக்காய் மரத்தில் பூச்சியால் வரும் புடைப்பு. நண்டுக்கொடுக்கு மாதிரி வளைந்திருக்கும் கற்கடகசிங்கி, இமயமலைப் பக்கத்து மரத்தில் அசுவினி கட்டவைத்த கூடு. நாட்டுமருந்துக் கடையில் பாதிப் பெயர் பொய்தான் போலிருக்கிறது.

எல்லாக் கட்டியும் மருந்தாகிவிடாது. கல்யாண முருங்கையைச் சுருட்டிப்போட்ட குளவிக்கு 2004-இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். அதற்குள் தீவு தீவாகப் பரவிவிட்டது. நம் பக்கமும் வந்தது. அடைக்கு இலை பறிக்கப் போனால் காம்பெல்லாம் வீங்கிக் கிடக்கும். ஹவாய்க்காரர்கள் 2008-இல் தான்சானியாவிலிருந்து அதற்கு எமனாக இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

திரும்பும் வழியில் செங்கல்பட்டில் ஐம்பது கிராம் மாசிக்காய் கேட்டேன். கடைக்காரர் காகிதத்தில் கொட்டினார். உரைக்க வீட்டில் குழந்தை இல்லை, உரைகல்லும் இல்லை. ஆனாலும் ஓட்டை விழுந்ததையெல்லாம் பொறுக்கித் திருப்பிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.