அந்த ‘மாமா’ யார்?

பேராக் மாநில சட்ட உதவி இலாகா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்



புந்தோங்கில் ஒரு நகல் கடை. எனக்கு முன்னால் நின்ற பெண் நாற்பது தாள் அச்செடுத்தார். எல்லாம் கணவர் அனுப்பிய புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளின் ஸ்கிரீன்ஷாட். தாளுக்கு இருபது காசு, மொத்தம் எட்டு வெள்ளி. “இது போதும், கேஸ் முடிஞ்சிரும்” என்றார். கடைப் பையன் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தான். “அக்கா, எல்லாத்துலயும் ‘மாமா’ன்னுதான் இருக்கு. நம்பர் எங்க? தேதி எங்க?”

சட்டம் படிக்காத பையன்தான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதன் 54ஆம் பிரிவில் கள்ளத் தொடர்பும், சேர்ந்து வாழ முடியாதபடியான நடத்தையும் காரணங்களாக நிற்கின்றன. இரண்டுக்கும் சாட்சி இன்று சட்டைப்பையில் கிடக்கிறது. கணவன் மனைவி பேச்சு வெளியே வரக்கூடாது என்பது 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. ஆனால் அவர்களுக்குள்ளேயே வழக்கு என்றால் அந்தப் பூட்டு திறந்துவிடுகிறது. கணினி தந்த ஆவணத்தை ஏற்க 90ஏ பிரிவும் இருக்கிறது. ஆக, கதவு திறந்தே இருக்கிறது. வெட்டி ஒட்டிய நாற்பது தாளோடு போகிறவர்தான் வாசலில் தடுமாறுகிறார். முழு உரையாடல் வேண்டும், எண் தெரிய வேண்டும், செய்தி வந்த கைப்பேசி கையில் இருக்க வேண்டும். நம் ஆட்களோ புதுப் போன் வாங்கினால் பழையதை அன்றைக்கே கடையில் தள்ளிவிடுகிறார்கள்.

அடுத்தது மொழி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். நாம் புலனத்தில் எழுதுவது தமிழா? ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் மலாய், கடைசியில் ஒரு ‘லா’. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி ஆவணம் தேசிய மொழியில் இருக்க வேண்டும். ஆகவே யாரோ ஒருவர் இதை மலாயில் பெயர்க்க வேண்டும். “செத்துத் தொலை” என்று நம் வீடுகளில் பாட்டி பேரனைத் திட்டுவாள், அடுத்த நிமிடம் சோறு போடுவாள். அதே சொல்லை இரவு இரண்டு மணிக்கு, பன்னிரண்டு முறை ஒரு கணவன் அனுப்பினால் அது வேறு. மலாயில் இரண்டும் ஒரே வரியாகிவிடும். முன்னும் பின்னும் வந்த செய்திகளும் நேரமும் இருந்தால்தான் வேறுபாடு தெரியும்.

இன்னொன்று, தூங்குகிறவரின் விரலை வைத்துப் போனைத் திறப்பது. 2024இல் மனைவியின் அழைப்புப் பட்டியலைக் கள்ளத்தனமாக எடுத்த கணவருக்கு மதுரையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இடம் தரவில்லை. தம்பதியருக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றார். 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றமோ, மனைவிக்குத் தெரியாமல் பதிவுசெய்த பேச்சை மணவிலக்கு வழக்கில் ஏற்கலாம் என்றது. அது அவர்கள் ஊர்ச் சண்டை. இங்கே 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லா நுழைவுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. சாட்சி தேடப் போனவர் குற்றவாளியாகத் திரும்பக் கூடாது.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல, தமிழில் ஒரே ஒரு தாள். எதை அழிக்கக் கூடாது, எண்ணையும் தேதியையும் எப்படிக் காட்டுவது, யாருடைய போனைத் தொடக் கூடாது, மொழிபெயர்ப்புக்கு எங்கே போவது. மணவிலக்கு கேட்டுத் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழு முன் போகும்போது பொதுவாக வக்கீல் கூட வர முடியாது. அதற்கு முன்பே இந்தத் தாள் கைக்குக் கிடைக்க வேண்டும். வழக்கறிஞர் நடையில் வேண்டாம். கச்சாங் பூத்தே பொட்டலம் கட்டும் அக்காவுக்கும் புரியட்டும்.

அச்சடித்துக் கொடுங்கள். அந்த நகல் கடைக்காரரிடம் பேசிவிட்டேன், இயந்திரத்துக்கு மேலே சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
புந்தோங் வாசி ஒருவர்