பழஞ்சோத்தைப் பரிசோதியுங்கோ, பூசிக்காதேங்கோ

பழஞ்சோறு புற்றுநோயை அழிக்குமாம். இந்தச் செய்தி கிழமைக்கு ஒருக்காவது எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுமங்களில் வந்து விழுகுது. அடியில் 'ஆய்வில் நிரூபணம்' என்று ஒரு வரி. என்ன ஆய்வு, யாருக்குக் கொடுத்துப் பார்த்தது என்று கேட்டால், "எங்கட முன்னோர் என்ன முட்டாள்களா?" என்று திருப்பிக் கேட்பினம்.

முன்னோர் கெட்டிக்காரர்தான். மிஞ்சின சோத்துக்குத் தண்ணி ஊத்தி வைத்தால் இலக்ரிக் அமில பற்றீரியாக்கள் பெருகும், சோறு புளிக்கும், அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகள் வளரமாட்டா. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் உணவைக் காத்த அறிவு அது. அதைப் புற்றுநோய் மருந்தாக்கினது யூடியூப். நேற்றுவரை பழஞ்சோறு சாப்பிட்டதை வெளியில் சொல்ல வெட்கப்பட்ட சமூகம் இது. வயலுக்குப் போனவர்களின் சாப்பாடு என்று இளக்காரமாகப் பார்த்தவைதான் இன்று மண்சட்டியில் போட்டுப் படம் பிடிக்கினம்.

இனி அந்த 'ஆய்வு'. பெரும்பாலும் ஆய்வுகூடத் தட்டில் வளரும் புற்றுநோய்க் கலங்களில் உணவின் சாற்றை ஊற்றிப் பார்ப்பார்கள். (1951இல் ஹென்றியேற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் கேட்காமலே எடுத்த ஹீலா கலங்கள் இப்பவும் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் இருக்கு. அது தனியாக எழுதவேண்டிய அநியாயம்.) கலங்கள் சாகும். சாகாமல் என்ன செய்யும்? புளித்த உணவு அமிலம். வினாகிரியை ஊற்றினாலும் அதே கலங்கள் சாகும், பக்கத்தில் வைத்த நல்ல கலமும் சாகும். அமிலத்தைச் சமப்படுத்தி, உப்பைக் கணக்கில் எடுத்து, நல்ல கலத்திலும் போட்டுப் பார்த்து, பிறகு விலங்கு, பிறகு மனிதர் என்று ஏறவேணும். முதல் படியில் நின்றுகொண்டே தலைப்புச் செய்தி போடுவது விளம்பரம்.

மேல் படியில் என்னவும் நடக்கலாம். காய்கறி நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரரை வைத்துப் பீற்றா கரோட்டின் மாத்திரையைப் பரிசோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களிடையே அந்தப் புற்றுநோய் 18 வீதம் கூட.

கொரியாவில் கிம்சிக்கென்றே 2010இல் தனி ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். தட்டிலும் எலியிலும் கிம்சி நல்ல பேர் வாங்கியிருக்கு. ஆனால் வயிற்றுப் புற்றுநோய் கூடின நாடுகளில் கொரியாவும் ஒன்று. கிம்சி அதிகம் சாப்பிட்டவர்களுக்கே ஆபத்துக் கூட என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கு. உப்பில் சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஆசிய மரபு ஊறுகாய் மரக்கறிகளை 1993இலேயே 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் போட்டுவிட்டது. கள்ளும் புளித்த தாவர உணவுதானே? மதுசாரம் அதைவிட மோசமான, நிச்சயமான பட்டியலில். வெற்றிலை பாக்கும் அங்கேதான். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னுக்கு நிற்பதற்கு அந்த மரபும் ஒரு காரணம்.

கலைப்பீடக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். செய்தியை வாசிக்கிறது எங்கட வேலை.

கட்டி சின்னனாக இருக்கேக்க வெட்டி எடுக்கலாம். "மூன்று மாதம் கஞ்சி குடிச்சுப் பாப்பம்" என்று இருந்தால் அந்த மூன்று மாதம் திரும்பி வராது. கீமோ ஏற்றி வெண்குருதிக் கலங்கள் குறைந்த ஒருவருக்கு உயிருள்ள பற்றீரியாவோடு வரும் உணவே ஆபத்தாகலாம். வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கிற சாப்பாடில்லை அது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கு. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து காசு சேர்த்தது அதற்காகத்தான்.

அதுக்காகப் பழஞ்சோத்தை ஆராயவேண்டாம் என்று நாங்கள் சொல்லேல்லை. ஆராயுங்கோ. எங்கட பல்கலைக்கழகங்களில் அதற்கு ஆளும் ஆய்வுகூடமும் இருக்கு. சிங்களச் சனத்தின் தியபத்தையும் சேர்த்தே பாருங்கோ, இரண்டும் ஒரே தண்ணிச்சோறுதான். எந்த அரிசி, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு உப்பு என்று எழுதி வையுங்கோ. பலன் இல்லை என்று முடிவு வந்தால் அதையும் தமிழில் வெளியிடுங்கோ. குடும்பக் குழுமங்களில் அதையும் நாங்களே போடுறம்.