எண்ணோடு ஒப்பிடாதீர்கள், நூலகத்தைக் கேளுங்கள்

நிரல் எழுதிப் பழகும் மாணவ நண்பர்களே, 127.0.0.1 என்ற முகவரியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இதற்கு அனுப்பும் செய்தி வெளியே எங்கும் போவதில்லை. அனுப்பிய கணிப்பொறிக்கே வந்து சேர்கிறது. லூப்பேக் முகவரி என்பது இதன் பெயர்.

இணையத்தில் ஒருவர் தரும் முகவரிக்குச் சென்று படம் எடுத்து வரும் நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் லூப்பேக் முகவரியைத் தந்துவிட்டால், நிரல் தன் கணிப்பொறியையே கேட்டு, உள்ளே மட்டும் இருக்க வேண்டிய செய்திகளை எடுத்து வெளியாருக்குக் கொடுத்துவிடும். ஆகவே தடுக்க வேண்டும். எப்படி? "127.0.0.1 என்றால் மறுத்துவிடு" என்று எழுதுவோர் பலர். இது தவறான வழி என்பேன். 127 என்று தொடங்கும் முகவரிகள் 1,67,77,216 இருக்கின்றன. அத்தனையும் இந்த ஒரே வேலைக்காக ஒதுக்கப்பட்டவை! 127.0.0.2 என்று கொடுத்தால் உங்கள் காவல் ஏமாந்துபோகும். ஐபி ஆறாம் பதிப்பிலோ லூப்பேக் முகவரியின் வடிவமே வேறு: ::1.

பைத்தான் மொழியுடன் 2012 முதல், அதாவது 3.3 பதிப்பு முதல், ஐபிஅட்ரஸ் என்ற நிரல் நூலகம் சேர்ந்தே வருகிறது. முகவரியை அதனிடம் கொடுத்து 'இஸ்_லூப்பேக்' என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று விடை வரும். வீட்டிலும் அலுவலகத்திலும் உள்வலைக்குப் பயன்படும் 10, 192.168 என்று தொடங்கும் முகவரிகளுக்கு 'இஸ்_பிரைவேட்' உண்டு.

நூலகமே பிழை செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். சிறப்பு முகவரிகளின் பட்டியல் ஒளியின் வேகம் போல இயற்கை தந்ததன்று. மனிதர் கூடி வகுத்தது, ஆகவே மாறுவது. 2012இல்கூட, இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை புதிதாக ஒதுக்கினார்கள். பைத்தானின் பட்டியல் அதிகாரபூர்வப் பதிவேட்டோடு சில இடங்களில் பொருந்தவில்லை என்று தெரிந்து, 2024இல் திருத்தினார்கள். திருத்தம் ஓரிடத்தில் நடந்தது. புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அது தானாகவே கிடைத்தது. பட்டியலைத் தம் கையாலேயே நிரலுக்குள் எழுதி வைத்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

கணிப்பொறி கிடைத்தால் 127.8.9.1, 128.0.0.1, ::1 ஆகிய மூன்றையும் இந்த நூலகத்திடம் கொடுத்து, எவையெவை லூப்பேக் என்று கேட்டுப் பாருங்கள். விடையை முதலில் நீங்களே தாளில் எழுதி வைத்துவிட்டுக் கேளுங்கள்.