சைரனைக் கழற்றிவிட்டு விற்றால் என்ன?

பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி ஆபீஸாக மாற்றப்போகிறேன் என்றதும் என் அக்கா கேட்டது விலையை இல்லை. "எத்தனை பேர் அதுல செத்தாங்களோ, அதுல போய்ப் படுப்பியாடா?" என்றாள். இறந்தவர்களை ஏற்றிப்போக அரசே இலவச அமரர் ஊர்தியைத் தனியாக விட்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓடுவது உயிரோடு இருப்பவர்களுக்காகத்தான் என்றேன். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 வந்ததிலிருந்து அந்த வண்டிகளுக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள் ஏராளம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் மசியவில்லை. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வண்டிக்குள் கால் வைத்தாள்.

வடசென்னையில் காலடிப்பேட்டைக்காரன் நான். கிளியரிங் ஏஜென்சியில் வெளிவேலை பார்த்து ஓய்வுபெற்றவன். டிரெய்லர் ஓட்டுநர்களுக்குக் காகித வேலை ஓயாது. துறைமுக நுழைவுக்கான ஃபார்ம் 13-இல் கன்டெய்னர் எண் தவறியிருக்கும், இ-வே பில் காலாவதியாகியிருக்கும், ஃபாஸ்டேக் முடங்கியிருக்கும், இன்சூரன்ஸ் அன்றைக்கு நள்ளிரவோடு முடியும். எல்லாம் தெரியவருவது எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசையில் நிற்கும்போதுதான். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஏதாவது தடங்கல் என்றால் வரிசை காசிமேட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வரை நீளும். ஓட்டுநரால் வண்டியை விட்டு இறங்கிப் போக முடியாது. போனால் வரிசையில் இடம் போகும். சில நேரம் டீசலும் பேட்டரியும் சேர்ந்து போகும். அவர் வர முடியாத இடத்தில் கடை போட்டு என்ன பயன்? ஆபீஸ்தான் அவரிடம் போக வேண்டும்.

அதற்கு ஆம்புலன்ஸைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை. நான் வாங்கியது ஒரு தனியார் மருத்துவமனை ஓட்டிக் கழித்த டிராவலர். உயரக் கூரை என்பதால் தலை குனியாமல் நிற்கலாம். பின்னால் இரட்டைக் கதவு, பக்கத்தில் தள்ளுகதவு. சுவர் முழுக்க ஃபைபர் பலகை. ஈரத் துணியால் ஒரு துடைப்பு போதும். கூடுதல் பேட்டரி, இன்வெர்ட்டர், பிளக் பாயின்ட், பின்பக்கத்துக்குத் தனி ஏசி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. சாதாரண வேனை வாங்கி இவ்வளவையும் புதிதாகச் செய்யச் சொன்னால் கரூரில் பாடி கட்டுகிறவர்கள் கேட்கும் தொகையில் எனக்கு மயக்கம் வந்து, வேறொரு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் ஆறடிப் படுக்கை. உடன் வருபவர் உட்காரும் நீள இருக்கையின் அடியில் பிரின்டரும் ஃபைல்களும். குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியில் இப்போது என் சட்டை தொங்குகிறது.

வேலை பிடித்தது தரைதான். மேலே பார்த்தால் பளபளவென்று வினைல் விரிப்பு. அதை உரித்தபோது டிங்கரிங் செய்யும் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். தகட்டைத் துளைத்துக்கொண்டு அடியில் வெளியே வந்தது. கிருமிக்காகக் கழுவிக் கழுவி ஊற்றிய பிளீச்சிங் கரைசல் ஓரம் வழியே கீழே இறங்கித் தகட்டைத் தின்றிருக்கிறது. மிச்சத்தை நம் ஊர் உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. அழுகிய தகட்டை வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங் அடித்து, பிரைமர் பூசிய பிறகுதான் மேல்வேலை. அடுத்த கவலை ஆக்சிஜன் குழாய். அதில் எண்ணெய்க் கையை வைக்கவே கூடாது; அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சிலிண்டர், குழாய் இரண்டையும் அந்தத் தொழில் தெரிந்தவரை வைத்தே கழற்றினோம்.

வண்டியில் ஒரு குறையுமில்லை இப்போது. ஆனால் நடமாடும் ஆபீஸ் இன்னும் நடமாடவில்லை. நண்பர் ஒருவரின் லாரி ஷெட்டுக்குள் நிற்கிறது. ஆர்.சி.யில் இன்னும் அது ஆம்புலன்ஸ்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை நான் குறை சொல்லவில்லை. கூரையை அறுத்து உயர்த்தியவன், சேஸிஸை நீட்டியவன் எல்லாம் சாலையில் என்ன செய்வான் என்று நாற்பது வருடம் டிரெய்லர்களோடு பழகியவனுக்குத் தெரியும். ஆனால் நான் கூட்டை வெட்டவில்லை, இருக்கையைக் கூட்டவில்லை, எடையை ஏற்றவில்லை. பழைய போல்ட் துளைகளிலேயே மேசையைப் பொருத்தியிருக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு தரநிலை உண்டு, கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124. அரசின் வாகன் பதிவுப் பட்டியலில் ஆம்புலன்ஸும் ஒரு வகை, கேம்பர் வேனும் ஒரு வகை. அந்த வகையிலிருந்து இந்த வகைக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்டால், ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு பதில் சொன்னது. ஒருவர் தரச்சோதனை நிறுவனத்தின் சான்று கேட்டார். அது வண்டி கட்டி விற்கிற கம்பெனி வாங்கும் சான்று. ஒற்றை வண்டிக்காரன் அதற்கு எங்கே போவான்? இன்னொருவர், "அப்படியே ஓட்டுங்க சார், ஆம்புலன்ஸை யார் மடக்கப்போறா?" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் போட்டிருக்கிறோம். அந்த மரியாதை பொய்யாகிவிடக் கூடாது. நோயாளி இல்லாத ஆம்புலன்ஸில் கஞ்சா பிடிபட்ட செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். நான் வாங்கியபோது என் வண்டியில் சைரன், சுழல்விளக்கு, சிவப்புப் பட்டை, முன்னால் இடவலம் மாற்றி எழுதிய ஆம்புலன்ஸ் என்ற சொல், எல்லாம் அப்படியே இருந்தன. எவரும் கழற்றச் சொல்லவில்லை. நானாகக் கழற்றினேன். கழற்றாதவன் கையில் அதே வண்டி கிடைத்திருந்தால்?

அரசு ஆம்புலன்ஸ்களின் கதை வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். நான் பேசுவது, அந்த வயதுக்கு முன்பே மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளும் கழித்துவிடும் வண்டிகளைப் பற்றி. அவசரத்துக்கு உதவாத எஞ்சின், அவசரமில்லாத வேலைக்குப் பல வருடம் உழைக்கும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020-இல் மூணாறில் பழைய பேருந்துகளுக்குள் படுக்கை கட்டி, ஓர் இரவுக்கு 100 ரூபாய் என்று வாடகைக்கு விட்டதே! சுற்றுலாப் பயணிக்குக் கிடைத்தது எண்ணூர் சாலையில் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கும் ஓட்டுநருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? துறைமுக வரிசையின் ஓரம் இப்படி நாலைந்து வண்டிகள் நின்றால் படுக்கவும் ஆகும், காகிதம் சரிபார்க்கவும் ஆகும்.

போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது இரண்டு. ஆம்புலன்ஸை விற்கும் மருத்துவமனையே சைரன், விளக்கு, எழுத்து ஆகியவற்றை நீக்கி, வாகன ஆய்வாளரிடம் காட்டிச் சான்று வாங்கிய பிறகுதான் பெயர் மாற்றம் என்று விதி செய்யுங்கள். வெளிக்கூட்டைத் தொடாமல் உள்ளறையை மட்டும் மாற்றுகிறவருக்கு என்ன படிவம், என்ன கட்டணம், யார் ஆய்வு என்பதை ஒரே தாளில் தமிழில் வெளியிடுங்கள்.

அதுவரை, விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆம்புலன்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஆர்.சி. மாறுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தரைவிரிப்பை ஓர் ஓரமாவது உரித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.