ஏழு நாள் அப்பா

ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்தால் அங்கே இரண்டு பேருக்குப் பதவி போய்விடும். ஒருவர் முதல் பிள்ளை. இன்னொருவர் அப்பா. முதல் பிள்ளையாவது தரையில் புரண்டு அழுது தன் எதிர்ப்பைத் தெரிவிக்கும். அப்பா என்ன செய்வார்? கார் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். யாராவது எதையாவது வாங்கிவரச் சொல்லமாட்டார்களா என்று காத்திருப்பார்.

செரண்டாவில் எங்கள் வீட்டில் அண்மையில் இதுதான் நடந்தது. மகன் பிறந்தான். அவன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே கோலசிலாங்கூரிலிருந்து என் மாமியார் வந்து இறங்கிவிட்டார். கையில் மிளகு, பூண்டு, சுக்கு, பெருங்காயம் என்று ஒரு பை. பெட்டியில் நிறைய விரால் மீன். கண்ணில் ஒரு போர்க்களப் பார்வை.

வந்த அரை மணி நேரத்தில் வீடு அவர் ஆட்சிக்குள் போனது. சமையலறை அவருடையது. படுக்கையறை மகளுக்கும் பேரனுக்கும். கூடத்தின் நடுவில் ஸ்பிரிங் தொட்டில். தொட்டிலுக்குத் துணி வேண்டுமே? அலமாரியைத் திறந்தார். தீபாவளிக்கு வாங்கி ஒரே ஒரு தடவை நான் கட்டிய கைலி, அடுத்த நிமிடம் தொட்டிலில் தொங்கியது.

“பழைய கைலி இருக்கு அத்தை. அதுதான் மெத்துன்னு இருக்கும்” என்றேன்.

“பச்சப் புள்ளைக்குப் பழசையா குடுப்பாங்க மாப்ள?” என்றார்.

அதற்கு மேல் வாதாட என் பக்கம் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வேறொரு விஷயத்தில் சட்டம் முழுக்க முழுக்க என் பக்கம் இருந்தது. அப்பாவுக்கும் பேறுகால விடுமுறை உண்டு!

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 1.1.2023 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்தது. அம்மாமாருக்கு இருந்த 60 நாள் விடுமுறை 98 நாளாக உயர்ந்தது. தனியார் துறையில் வேலை செய்யும் அப்பாமாருக்குச் சட்டத்தில் அதுவரை ஒன்றுமே இல்லை. இப்போது சம்பளத்தோடு தொடர்ச்சியாக 7 நாள். தொடர்ச்சியாக என்றால் சனியும் ஞாயிறும் அதற்குள்ளேயே அடக்கம். அதைக் கேட்டதும் என் முகம் கொஞ்சம் சுருங்கியது. 5 பிள்ளைப்பேறு வரை இந்தச் சலுகை கிடைக்கும் என்று படித்ததும் என் மனைவியின் முகம் அதைவிடச் சுருங்கியது.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் 1.4.2025 முதல் அப்பாமாருக்கு 4 வாரம். சுவீடன் 1974லேயே தாயும் தகப்பனும் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளும் விடுமுறையைக் கொண்டுவந்துவிட்டது. அதையெல்லாம் பார்த்தால் நம்முடைய 7 நாள் சின்னதுதான். ஆனால் பூஜ்யத்திலிருந்து ஏழு என்பது சின்ன தூரமா?

எங்களோடு இருக்கும் என் அப்பா, பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். அவரிடம் பெருமையாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பெத்தது அவ. லீவு ஒனக்கா?”

வேலையிடத்திலும் இதே கேள்விதான், கொஞ்சம் நாகரிகமாக. “ஏழு நாள் வீட்ல இருந்து நீங்க என்னாதான் செய்வீங்க அண்ணே?” என்றார் உடன் வேலை செய்யும் தம்பி. எனக்கே பதில் தெரியவில்லை. பால் கொடுப்பது என் மனைவி. குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, பத்தியம் சமைப்பது எல்லாம் மாமியார். தொட்டிலை ஆட்டுவதுகூட ஸ்பிரிங். இரண்டாம் நாள் காலையிலேயே மாமியார் கேட்டார்: “வேலைக்குப் போகலியா மாப்ள?” மூன்றாம் நாளும் கேட்டார். அன்று கேள்வியில் அக்கறை குறைந்து, ஆலோசனை கூடியிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். இந்த வீட்டில் இன்னொருவரும் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார். என் மகள். வயது நான்கு.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேராகத் தொட்டிலைத்தான் பார்த்தார்கள். இவள் குறுக்கே போய் நின்று தன் புதுச் சப்பாத்தைக் காட்டினால், “தள்ளிக்கம்மா, தம்பியப் பாக்கணும்” என்றார்கள். சத்தமாகப் பாடினால், “உஸ்! தம்பி தூங்குறான்.” பேசாமல் உட்கார்ந்தால், “பாத்தியா, அக்கா ஆனதும் பொறுப்பு வந்துருச்சு.” பாடினாலும் தப்பு, பாடாவிட்டால் பாராட்டு. இது என்ன நியாயம்?

ஆக, மீதி நாளுக்கு எனக்கு ஓர் இலாகா கிடைத்தது. பெரியவள் இலாகா.

அது எளிதான இலாகா என்று நினைப்பவர்கள் நான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு தடவை ரெட்டைச் சடை பின்னிப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். நடுவகிடு ரயில் தண்டவாளம் போல் நேராக இருக்கவேண்டும். முதல் நாள் நான் எடுத்த வகிடு, கெந்திங் மலைக்கு ஏறும் சாலை போல வளைந்து வளைந்து போனது. பாலர் பள்ளி டீச்சர் அவளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு அப்பாவா?” என்று மட்டும் கேட்டார். இரண்டே சொல்தான். ஆனால் அதில் முழு மதிப்பெண் அறிக்கையும் இருந்தது.

அடுத்தது குழந்தை இருக்கை. காரில் சிறு பிள்ளைகளை அதில்தான் உட்காரவைக்கவேண்டும் என்பது 1.1.2020 முதல் சட்டம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுங்கை சோவில்தான் பெரோடுவா தொழிற்சாலை இருக்கிறது. நாடு முழுக்க ஓடும் கார்கள் எங்கள் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டுப் போகின்றன. அப்படிப்பட்ட ஊர்க்காரனான நான், சின்னவனுக்கும் ஓர் இருக்கை வாங்கி, இரண்டையும் ஒரே காரில் பொருத்த 40 நிமிடம் எடுத்துக்கொண்டேன். பொருத்தி முடித்ததும் மகள் கேட்டாள்: “தம்பி சீட்டுக்கு மட்டும் ஏன் தலகாணி?”

அந்தக் கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எண்ணி எண்ணி வைக்கிறார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

நான்காம் நாள் மாலை மழை விட்டதும் அவளைச் செரண்டா ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். காசு செலவில்லாமல் ஒரு மணி நேரம் போகவேண்டுமென்றால் இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை. கொமுட்டர் வந்து நிற்கும். இ.டி.எஸ். நிற்காமல் சீறிக்கொண்டு போகும். அவள் இரண்டுக்கும் கை காட்டுவாள். நிற்கிற ரயிலைவிட நிற்காத ரயில்மீதுதான் அவளுக்குப் பாசம் அதிகம்.

வடக்கே போகும் வண்டியைக் காட்டி, வாய்ப்பாடு போல ஊர்ப்பெயர் சொல்லிக்கொடுத்தேன். “செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம்.”

“ராசாவா? அங்க ராசா இருக்காரா?”

“இல்லம்மா. அது ஊர் பேரு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “பாட்டி தம்பியத்தான் ராசா, ராசான்னு கூப்புடுறாங்க. அப்போ அது தம்பியோட ஸ்டேசனா?”

“அப்படியும் வச்சுக்கலாம்.”

“அப்போ தம்பிய அங்க கொண்டுபோய் வுட்டுட்டு வந்துருவோமாப்பா?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: “பச்சப் புள்ளைக்குப் பழச குடுக்க மாட்டாங்கன்னு பாட்டி சொன்னாங்கள்ல. நான் பழசாப்பா?”

கைலி விவகாரத்தை அவள் எங்கிருந்து கேட்டாளோ! நாம் பேசுவதெல்லாம் சுவருக்கும் கேட்காது என்று நினைக்கிறோம். மேசைக்கு அடியில் ஒரு காது உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது.

பெரிய பெரிய விளக்கமெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். “புதுக் கைலி இடுப்புல நிக்காதும்மா, வழுக்கும். பழசுதான் அப்பாவுக்குச் சரியா நிக்கும். அதனாலதான் புதுச தம்பிக்குக் குடுத்துட்டு பழச அப்பா வச்சுக்கிட்டேன்.”

அவள் அதை எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “ஆமா, தம்பி நிக்கவே மாட்டான்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள். மழைக்கால ஐஸ்கிரீம் பற்றி மாமியார் வைத்திருந்த தடையுத்தரவு அன்று மீறப்பட்டது. இது அவருக்குத் தெரியவேண்டாம்.

அன்றிரவு இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கமாகக் கேலி செய்வார். அன்று செய்யவில்லை. தோட்டத்துக் கதைக்குப் போய்விட்டார்.

பால்மரத்தை விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் வெட்டவேண்டும். அப்போதுதான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பிள்ளைகள் கண் விழிப்பதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் வெட்டுக் காட்டில் இருப்பார்கள். கைப்பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். வரிசையாகத் தொட்டில், அத்தனைக்கும் ஓர் ஆயா. நான் பிறந்தபோது அம்மாவுக்குச் சட்டப்படி 60 நாள். அப்பாவுக்கு? “பேரு வச்சுட்டு மறுநா வெட்டுக்குப் போயிட்டேன்” என்றார்.

“நான் எப்போப்பா தவழ்ந்தேன்?” என்று கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? ஒங்கக்காவக் கேளு” என்றார்.

உண்மைதான். கொட்டகையை விட்டு வந்த நேரமெல்லாம் நான் அக்காவின் இடுப்பில்தான் வளர்ந்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்குப் பல் முளைத்த நாள், நான் முதல் அடி வைத்த நாள் எல்லாம் அவளுக்கு இன்றைக்கும் அத்துப்படி. அந்த நாள்களில் அவள் படிக்காமல் விட்ட பாடம் எதுவென்று மட்டும் யாருக்கும் தெரியாது. தோட்டத்து லயங்களில் இப்படி எத்தனையோ அக்காமார். தம்பி பிறந்த அன்றே அவர்களுக்கு நியமனக் கடிதம் வந்துவிடும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அப்பா, அம்மாவைக் குறை சொல்லவும் வழியில்லை. இரண்டு பேரும் வெட்டினால்தான் அடுப்பு எரியும்.

அதனால்தான் சொல்கிறேன். ‘அக்கா’ என்பது உறவு. உத்தியோகம் இல்லை. நான்கு வயதுப் பிள்ளையிடம் “நீ அக்கா, விட்டுக்கொடு” என்று நாளைக்கு இருபது தடவை சொல்லும் பெரியவர்கள், ஒரு தடவையாவது “நீயும் சின்னப் பிள்ளைதான், மடியில் உட்கார்” என்று சொல்லவேண்டும். அதற்கு ஒரு மடி காலியாக இருக்கவேண்டும். அம்மா மடியில் கைப்பிள்ளை. பாட்டி அடுப்படியில். மிச்சமிருப்பது அப்பா மடிதான்.

“ஏழு நாள் வீட்டில் இருந்து என்ன செய்வீர்கள்” என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பிறந்த பிள்ளைக்கு அந்த வாரம் அம்மா போதும். ஏற்கெனவே பிறந்த பிள்ளைக்குத்தான் அப்பா வேண்டும். முதல் பிள்ளை என்றாலும் கவலை வேண்டாம். வயிறு காய்ந்து, தூக்கம் கெட்டு, யாரும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்காமல் ஒருத்தி படுத்திருப்பாள். அவளுக்கும் உங்கள் லீவு உதவும்.

இன்னும் சில வாரத்தில் அப்பாவாகப் போகும் தம்பிகளுக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, இந்த விடுமுறைக்கு நீங்கள் திருமணம் ஆனவராகவும், அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்தவராகவும் இருக்கவேண்டும். பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்க்கும் நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தெரிவிக்கவேண்டும். முடியாமல் போனால், பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். யாரும் தானம் கொடுக்கவில்லை, சட்டம் கொடுத்திருக்கிறது. இரண்டு, சடை பின்னப் பழகிக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டம் இல்லை. ஆனால் டீச்சர் இருக்கிறார்.

எட்டாம் நாள் வேலைக்குக் கிளம்பினேன். மாமியார் முகத்தில் நிம்மதி. சாப்பாட்டுக் கலத்தை நீட்டிக்கொண்டே, “நீங்க இருந்தது ஒத்தாசையாத்தான் இருந்துச்சு மாப்ள. பெரியவ காலச் சுத்தாம இருந்தா” என்றார். மாமியார் வாயிலிருந்து வரும் பாராட்டுக்குக் கோலசிலாங்கூர் பக்கம் என்ன விலை என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

பெரியவள் இலாகா இன்னும் என் கையில்தான் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகுமுன் சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்காருகிறாள். வகிடு இப்போது கெந்திங் சாலை இல்லை. ஏறக்குறைய நெடுஞ்சாலை. இடப்பக்கச் சடை மட்டும் இன்னும் கொஞ்சம் ஒல்லி. “பரவால்லப்பா, நாளைக்குச் சரியா வரும்” என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்கிறாள்.