கரிசக்காட்டுக் கம்மாய்க்கு எந்தத் தூண்டில்?

ஐப்பசி மழை நல்லா விழுந்து கம்மாய் பாதி நிறைஞ்சாப் போதும். கோவில்பட்டி சுத்துப்பட்டுல தூண்டில் பைத்தியம் பிடிச்ச பசங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க: "அண்ணே, எந்த ராடு வாங்கலாம்?"

கேள்வியே தப்புங்கறதுதான் என் கட்சி. ராடு கடைசியா வாங்க வேண்டிய சாமான். அதை முதல்ல வாங்குறவன் பாதி மீனையும் முழுக் காசையும் விட்டுருவான். எப்படின்னு சொல்றேன்.

இந்தப் பசங்க பாக்குற வீடியோ பூராவும் அமெரிக்காவுல பாஸ் பிடிக்கிறது. (முதலாளி இல்லீங்க, மீன்! :-)) லார்ஜ்மவுத் பாஸ்னு முழுப்பேரு. நமக்கு விரால் எப்படியோ அவங்களுக்கு அது அப்படி. ரெண்டும் பாசிக்குள்ள பதுங்கிக் கிடந்து, மேல போற தவளையை ஒரே அடியா அடிச்சு முழுங்குற ஜாதி. அதனால பாஸுக்குச் செஞ்ச சாமான் விராலுக்கும் ஆகும்னு நெனைக்கிறதுல நியாயம் இருக்கு. ஆனா பாதி நியாயம்தான். மீன் ஒத்துப்போச்சு, தண்ணி ஒத்துப்போகணுமில்ல?

நம்ம கம்மாய்க்குத் தனிக் கணக்குங்கறது நான் கண்டுபிடிச்சதில்ல. வெள்ளைக்காரன் காலத்துலயே ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒருத்தர், சென்னை மாகாணத்துல அதிகாரியா இருந்தவர், 1873-ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு தூண்டில் பத்திப் புத்தகம் போட்டார். அது போதாதுன்னு 1887-ல குளம் கம்மாய்க்குன்னே தனியா 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'ன்னு இன்னொண்ணு எழுதினார். ஆத்துக்கு எழுதினது குளத்துக்கு ஆகாதுன்னு அந்த மனுசனுக்கே தெரிஞ்சிருக்கு. நாம அமெரிக்க ஏரிக்குச் சொன்னதை அப்படியே இடைசெவல் பக்கம் கொண்டாந்து போடப் பாக்குறோம்!

சரி, நம்ம தண்ணி எப்படி? மூணே விஷயம்.

ஒண்ணு, கலங்கல். கரிசல்ல இருக்குற களி ரொம்ப நைஸு. ஓடை வழியா வந்து விழுந்தா லேசுல அடியில படியாது. பால் கொஞ்சமா ஊத்தின டீ மாதிரியேதான் தண்ணி நிக்கும். ரெண்டு, முள்ளு. கம்மாய்க்குள்ள நட்டு வளர்த்த கருவேலமும், நடாமலே வளர்ந்த சீமைக்கருவேலமும் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கும். மூணு, சகதி. கரையோரம் காலை வச்சா முழங்கால் வரை இழுக்கும், செருப்பு உள்ளயே தங்கிரும். நினைச்ச இடத்துக்குக் கிட்டப் போயி தூண்டில் போட முடியாது.

இந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு முள்ளுல இருந்து பின்னாடி வாங்க. முள்ளு, நரம்பு, ரீலு, ராடு. இதான் வரிசை.

1. முள்ளு

விரால் வாய் எலும்பு மாதிரி கெட்டி, உள்ள பல்லு வேற. பழைய துருப்பிடிச்ச முள்ளு ஏறவே ஏறாது. முள்ளு முனையை நகத்து மேல வச்சு லேசா இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா மழுங்கிருச்சு, கீறிக்கிட்டு நின்னா நல்ல முள்ளு. உள்ளே காத்தடைச்ச மாதிரி இருக்குற ரப்பர் தவளை கிடைக்குது பாருங்க, அதுல ரெட்டை முள்ளு முதுகோட ஒட்டி மேல பாத்து இருக்கும். பாசியிலயும் அல்லி இலையிலயும் சிக்காம வழுக்கிட்டு வரும். விரால் கடிச்சு அமுக்கினாத்தான் முள்ளு வெளிய வரும். நம்ம கம்மாய்க்கு இதைவிடப் பொருத்தமான அமெரிக்கச் சரக்கு வேற இல்ல. கலருக்காக பத்து வாங்காதீங்க. கலங்கத் தண்ணியில மீனுக்குக் கலரா தெரியப்போகுது? தண்ணி மேல அது போடுற சலசலப்புதான் கணக்கு. கருப்புல ஒண்ணு, வெளிர்ல ஒண்ணு போதும்.

2. நரம்பு

காசு போட வேண்டிய இடம் இதான். தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாதுன்னு ஃப்ளோரோகார்பன் நரம்பை விலை கூட வச்சு விக்கிறாங்க. கண்ணாடி மாதிரி இருக்குற ஏரிக்கு அது சரி. நம்ம டீத் தண்ணியில கயித்தைப் போட்டாலே தெரியாது, அதுக்கு எதுக்குக் காசு?

பாசிக் கம்மாய்ல தவளை போடுறதுன்னா பின்னல் நரம்பு, 40 பவுண்டு. அதாவது 18 கிலோ இழுவை தாங்கும். "ஒரு கிலோ விராலுக்கு 18 கிலோ நரம்பா?"ன்னு சிரிக்காதீங்க. விரால் மாட்டுனதும் நேரா பாசிக்குள்ள தலையை விட்டுச் சுத்திக்கிரும். நீங்க இழுக்கிறது ஒரு கிலோ மீனை இல்ல, மீனோட சேத்து ஒரு அண்டாப் பாசியை. பின்னல் நரம்பு நீளாது, பாசியை அறுத்துக்கிட்டு வரும். சாதா தங்கூஸ் ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும்.

முள்ளுமரம் கிடக்குற கம்மாய்ல புழுவோ மீன்குஞ்சோ கோத்துப் போடுறவங்களுக்கு 0.50 மில்லிமீட்டர் தங்கூஸே நல்லது. மெல்லிசான பின்னல் நரம்பு மரத்துல உரசினா சீக்கிரம் பிசிறு விட்டுரும்.

இன்னொண்ணு. நம்ம கம்மாய்ல தண்ணி நிக்கிறதே கார்த்திகையில இருந்து மாசி பங்குனி வரைக்கும்தான். மிச்ச மாசம் தூண்டில் சும்மா கிடக்கும். தங்கூஸுக்கு வெயில் எமன். ஓட்டு மேல செருகி வச்ச தூண்டிலை அடுத்த மழைக்கு எடுத்தா நூல் மாதிரி பட்டுன்னு அறும். இருட்டுல வைங்க, இல்ல வருஷா வருஷம் மாத்துங்க. முடிச்சை இறுக்குமுன்ன எச்சி தொட்டு நனைங்க. காஞ்சபடி இறுக்கினா உரசுற சூட்டுல அந்த இடத்துலயே நரம்பு பலம் போயிரும்.

3. ரீலு

பாஸ் வீடியோவுல கட்டைவிரலால அமுக்கி வீசுறாங்களே, ராடு மேல உக்காந்திருக்குமே, அந்த பெயிட்காஸ்டிங் ரீலு வேண்டாம். பழகுற வரைக்கும் குருவிக்கூடுதான் கட்டுவீங்க. ராடுக்குக் கீழ தொங்குற ஸ்பின்னிங் ரீலு, 3000 அளவு, போதும். பின்னல் நரம்பை நேரா சுத்தினா உருளையில பிடிக்காம மொத்தமா வழுக்கும். அடியில பத்துச் சுத்து தங்கூஸ் சுத்திட்டு அதுக்கு மேல சுத்துங்க. கரிசப் புழுதியும் களியும் ரீலுக்குள்ள போனா அரைச்சுத் தள்ளிரும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால துடைச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைங்க.

4. ராடு

ஏழு அடி, ரெண்டு துண்டா மாட்டுறது, கொஞ்சம் விறைப்பானது. சகதியால கிட்டப் போக முடியாதுன்னு சொன்னேனே, அதுக்குத்தான் நீளம். அதை விட முக்கியமா துல்லியமா வீசணும். விராலுக்குக் காத்துக் குடிக்க அடிக்கடி மேல வந்தே ஆகணும். கலங்கத் தண்ணியில மீனைப் பாக்க முடியாட்டியும் அது 'குபுக்'னு வாய் வைக்கிறதைப் பாக்கலாம். அந்தச் சுழிக்கு ரெண்டு முழம் தள்ளித் தவளை விழணும். குடை மாதிரி இழுத்து நீட்டுற ராடு வேண்டாம், களி போயி மூட்டுல இறுகிக்கும்.

கார்பனா ஃபைபர் கிளாஸான்னு கேட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு ஃபைபர் கிளாஸ்னுதான் சொல்லுவேன். விலை கம்மி, டூவீலர்ல கட்டிட்டுப் போனாலும் அடி தாங்கும். கார்பன்ல மின்சாரம் பாயும். கரிசக்காட்டுல மோட்டார் ரூமுக்குப் போற கம்பி தாழ்வாத் தொங்குது. ஐப்பசி சாயங்காலம் ஒரு மரம் இல்லாத பொட்டல்ல இடி இறங்குது. ஏழு அடிக் கம்பியைத் தூக்கிட்டு நிக்கலாமா? (இடி இடிச்சா எந்த ராடா இருந்தாலும் போட்டுட்டு ஓடிருங்க!)

இதெல்லாம் வேண்டாம், நாலு கெண்டை, ஜிலேபி போதும்னா மூங்கில் கம்பு, சின்ன முள்ளு, தக்கை. அதை அடிச்சுக்க ஆளே இல்ல.

சாமானாலயே மீன் பிடிச்சிரலாம்னு நம்புறவங்களுக்கு ஒரு தகவல். 1932-ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரிங்கற விவசாயக் குடும்பத்துப் பையன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் 10 கிலோ எடையில ஒரு பாஸ் பிடிச்சார். உலக சாதனை. அதுக்கப்புறம் எத்தனை ராடு, எத்தனை ரீலு வந்துச்சு! 77 வருஷம் கழிச்சு 2009-ல ஜப்பான் பீவா ஏரியில மனாபு குரிதாங்கறவர் அந்த எடையைச் சமன் பண்ணினார், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் நரம்புக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கேன்? மீனுக்காக மட்டும் இல்ல. மெல்லிசு நரம்பு அறுந்தா நமக்கு ஒரு முள்ளுதான் நட்டம். ஆனா வாயில முள்ளோட ஒரு விரால் பாசிக்குள்ள கிடந்து சாகும். கருவேல மரத்துல தொங்குற நரம்புல கொக்கோ நீர்க்காகமோ கால் சிக்கித் தலைகீழாத் தொங்கும். பங்குனியில கம்மாய் காஞ்சு வெடிச்ச பிறகு அதே இடத்துல ஆடு மேயும், குளம்புல முள்ளு ஏறும். வெறுங்காலோட முள்ளு வெட்டப் போற பொம்பளைங்க காலையும் அது பதம் பார்க்கும். நரம்பு மக்கிப் போக வருஷக்கணக்கா ஆகும். அறாத நரம்பு போடுறது ஆடம்பரம் இல்ல, கம்மாய்ல இறங்குறவன் செய்ய வேண்டிய குறைஞ்சபட்ச மரியாதை. சிக்கிக்கிட்டா கையில சுத்தி இழுக்காதீங்க, விரல் போயிரும். ஒரு குச்சியில சுத்தி இழுங்க. வந்ததை அங்கயே போடாம வீட்டுக்குக் கொண்டாந்து துண்டு துண்டா வெட்டிப் போடுங்க.

கூட ரெண்டு. கம்மாய் மீன் பாசி ஏலம் போயிருந்தா எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க, அவர் காசு போட்டிருக்கார். மழைக்காலத்துல தண்ணி மேல சிவப்பாக் குஞ்சுக் கூட்டம் உருண்டு போறதைப் பாத்தா, கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்குதுன்னு அர்த்தம். அதுங்க மேல தவளையைப் போட்டா கோவத்துல கட்டாயம் அடிக்கும், சுலபமா மாட்டும். ஆனா ஒரு மீனைப் பிடிச்சு மொத்தக் குஞ்சையும் கெண்டைக்கும் கொக்குக்கும் தாரை வார்த்த மாதிரி. அந்தத் திறமை நமக்கு வேண்டாம்.

ஆக, கையில மூவாயிரம் ரூபாய் இருந்தா ராடுக்கும் ரீலுக்கும் சேத்து ரெண்டாயிரத்தைத் தாண்டாதீங்க. மிச்சத்தை நரம்பு, முள்ளு, ரெண்டு தவளை, முள்ளு கழட்ட ஒரு மூக்குக் குறடுன்னு போடுங்க. குறடு ஏன்னா, வீடியோவுல பாஸ் வாய்க்குள்ள கட்டைவிரலை விட்டுத் தூக்குறாங்களே, அதை விரால்கிட்ட செஞ்சு பாருங்க, தெரியும் :-)

டிஸ்கி: தங்கூஸ்னு நாங்க சொல்றதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு? தஞ்சாவூர், ஈழத்து மக்கள் கட்டாயம் சொல்லணும்.